தானாப் போயிட்டு

மிக்ஸியைக் கவிழ்த்து அடிமூடியைப் பொருத்தப் போன நேரத்தில்தான், உள்ளே மோட்டார் காயிலின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு இருப்பது சீனிவாசகத்தின் கண்ணில் பட்டது. மசாலாதான் என்று நினைத்து நகத்தால் சுரண்டினார். வரவில்லை. மிளகாய்ப்பொடி என்றால் உதிர்ந்துவிடும், குங்குமம் என்றால் ஈஷிக்கொள்ளும், இது இரண்டு ரகத்திலும் சேராமல் வழவழவென்று உட்கார்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மிக்ஸியைக் கடை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தார். சுவிட்சின் முதுகில் ஒரு பொட்டு. கார்பன் கூட்டின் மேல் ஒரு பொட்டு. மேலே கப்ளருக்கு அடியில், ஒளித்து வைத்த மாதிரி இன்னொன்று. நெயில் பாலிஷ். யாரோ மெனக்கெட்டு, மிக்ஸியைத் திறந்து, உள்ளே இருக்கிற சாமானுக்கெல்லாம் கல்யாணப் பெண்ணுக்கு வைக்கிற மாதிரி பொட்டு வைத்து, திரும்ப மூடி, அவரிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணாடியும் போடாமல் வேலை பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. "சண்டாளி" என்றார் வாய்க்குள். சொன்ன பிறகுதான் அது யார் வீட்டு மிக்ஸி என்பது மண்டையில் ஏறியது. புளியங்குடி ஆவுடையம்மாள் வீட்டு மிக்ஸி. அவர் மகள் கோமதியை மருமகளாக எடுத்துக்கொள்ளப் போகிற ஆவுடையம்மாள். போன மாதம் பூ வைத்துவிட்டுப் போனார்கள், வருகிற வெள்ளி கழித்து நிச்சயம்.

பொட்டு வைத்துக் கொடுப்பது என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். சாமானைக் கொடுக்கும்போதே உள்ளே ஒரு அடையாளம் வைத்து அனுப்புவது. திரும்பி வந்ததும் வேறு ஆளை வைத்துத் திறந்து, அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் தீர்ந்தது. 'ஒரிஜினலைக் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட்டைப் போட்டுட்டான்' என்று சங்கரன்கோவில் நாலு ரத வீதிக்கும் தப்பட்டை அடிக்கலாம். மெழுகு வைத்துக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறார், நூல் கட்டிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறார், ஊசியால் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கீறிக் கொடுத்த ஒரு மகராசனையும் பார்த்திருக்கிறார். களவாண்டு போக உள்ளே என்ன தங்கக் கம்பியா சுற்றி வைத்திருக்கிறது? மனிதர்களைப் பற்றிச் சீனிவாசகத்துக்கு ஒரு முடிவு உண்டு. வீட்டில் சும்மா இருக்கும்போது மனுசன் எப்படியோ, ரிப்பேர் கடை வாசலில் கால் வைத்ததும் எல்லாரும் ஒரே அச்சு. முதல் வார்த்தையே பொய்தான். "நாங்க ஒண்ணுமே பண்ணலை அண்ணாச்சி, தானாப் போயிட்டு." சட்னி ஜாரில் முழு விரலி மஞ்சளைப் போட்டு, கப்ளர் பல்லெல்லாம் உடைந்து, உள்ளே மஞ்சள் தூள் பிள்ளையார் பிடிக்கிற அளவுக்குக் கிடக்கும், அதை அவர் கண் முன்னாலேயே தட்டிக் கொட்டினாலும் அந்த அம்மாள் கூசாமல் சொல்வாள், தானாப் போயிட்டு. அவரும் விடமாட்டார். "ஆமா, தானாத்தான் போயிருக்கும்" என்பார், அந்த 'தானா'வைத் தேர் வடம் மாதிரி இழுத்து. பாதிப் பேருக்கு அந்த இழுவை புரியாது. புரிந்த பாதிப் பேர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போவார்கள், அங்கே ஏமாந்துவிட்டுத் திரும்ப இங்கேயே வருவார்கள், வந்து, "போன தடவை நீங்க பாத்த பெறகுதான் அண்ணாச்சி இப்படி ஆயிட்டு" என்பார்கள். போன தடவை அவர் பார்த்தது சீலிங் காத்தாடி. இப்போது கையில் இருப்பது அயர்ன்பாக்ஸ். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் செத்துப் போனாலும் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போகிற சனம், செத்த மிக்ஸியை எழுப்பிக் கொடுத்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்லாது. சத்தம் முன்னமாதிரி இல்லையே என்று காதை வைத்துக் கேட்கும்.

அதனால்தான் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாற்றிய சாமான் எதுவானாலும் பழையதைப் பேப்பரில் சுற்றி, ஆள் கையில் கொடுத்துவிடுவது. "இந்தாங்க, பொணத்தை வாங்கிட்டுப் போங்க" என்பார். மோட்டாருக்குள் சுற்றிக் கரிந்துபோன ஆர்மேச்சர், தேய்ந்த கார்பன், உருகிய சுவிட்ச், எல்லாம் பொணம்தான். வேண்டாம் என்பார்கள், அதை வைத்து நாங்கள் என்ன செய்ய என்பார்கள், விடமாட்டார், பைக்குள் திணித்து அனுப்புவார். தெரு முனையில் போய்ச் சாக்கடையில் எறிகிறார்கள் என்பதும் தெரியும். எறியட்டும். எறிகிற கைக்குத் தெரியுமல்லவா, சீனிவாசகம் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்று. இத்தனை வருசத்தில் அந்த வழக்கத்தை அவர் மீறியதில்லை. நேற்று வரைக்கும் மீறியதில்லை. ஆர்மேச்சர். ஆவுடையம்மாள் மிக்ஸியில் ஆர்மேச்சர்தான் கரிந்திருந்தது, நேற்று அதைத்தான் மாற்றினார், புதுசாக, இருப்பதிலேயே உசந்த ரகமாக. காயிலில் பொட்டு, சுவிட்சில் பொட்டு, கார்பன் கூட்டில் பொட்டு என்றால் அந்தப் பழைய ஆர்மேச்சரிலும் கட்டாயம் ஒரு பொட்டு இருந்திருக்கும். முக்கியமான சாமானே அதுதானே, அதை விட்டுவிட்டு மற்றதில் வைக்க அவள் என்ன பைத்தியமா? புது ஆர்மேச்சர் பளபளவென்று உள்ளே உட்கார்ந்திருந்தது, பொட்டில்லாமல், மொட்டை நெற்றியோடு. பழையது இல்லை. காலையில் பழைய இரும்புக்காரன் வந்தான், மேசைக்கு அடியில் கிடந்த தகர டப்பாவை அப்படியே அவன் சாக்கில் கவிழ்த்துவிட்டார்.

எல்லாம் பகவதி செய்த வேலை. பகவதி அவருடைய மனைவி, வீட்டுக்குள் இருந்தபடியே கடையை நடத்துகிறவள், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். நேற்று அவர் வழக்கம்போல ஆர்மேச்சரைப் பேப்பரில் சுற்றப் போனபோது திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். "என்ன பண்ணுதிய?" "பாத்தாத் தெரியலையா?" "நிச்சயத்துக்கு முந்திக் கரிஞ்சுபோனதைச் சம்பந்தி கையில குடுப்பியளாக்கும்? பொணம் பொணம்னு நீங்கதான சொல்லுதிய, அந்தப் பொணத்தையா தூக்கிக் குடுப்பிய? வெளங்கும்." அவள் சொன்னதும் அவருக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. நல்ல காரியம் பேசுகிற வீட்டுக்குள் கறுப்புப் பொருள் போகலாமா? பூ வைத்த வீட்டுக்குக் கரித்துண்டு அனுப்பலாமா? முப்பது வருசமாக மின்சாரத்தோடு மல்லுக்கட்டுகிற மனுசன், சகுனத்துக்குப் பயந்து, பேப்பரைப் பிரித்து அதைத் தகர டப்பாவில் போட்டார். பகவதி பேச்சைக் கேட்டு உருப்பட்டவன் யார்? ஆனால் அவளைச் சொல்லி என்ன, அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். பொட்டு வைத்து அனுப்புகிற புத்தி அவளுக்கு இல்லை. ஆவுடையம்மாளுக்கு இருந்திருக்கிறது. திங்கட்கிழமை இந்த மிக்ஸியை மஞ்சள் பைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "நாளைக்கு நம்ம வீட்டு மனுசரா ஆகப் போறிய, ஒங்களை வச்சுக்கிட்டு வேற ஆளுக்கிட்ட குடுக்க மனசு வருமா அண்ணாச்சி?" என்றாள். என்ன வந்தது என்று அவர் கேட்டதற்கு, "மருந்துக்கு வசம்பு போட்டேன், முழுசாப் போட்டுட்டேன், தப்பு எம்பேர்லதான்" என்றாள். அவருக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. ரிப்பேர் கடை வாசலில் நின்று தப்பு என் பேரில் என்று சொன்ன முதல் மனுசி. அன்று ராத்திரி சாப்பிடும்போது பகவதியிடம் இரண்டு தடவை சொன்னார், இது நல்ல இடம், கோமதி நன்றாக இருப்பாள் என்று. அந்த நல்ல இடம்தான் உள்ளே பொட்டு வைத்திருக்கிறது. இப்போது நினைத்தால் அந்தப் பேச்சே ஒரு தினுசாகப்பட்டது. தப்பு எம்பேர்லதான் என்று சொன்னால் ஆள் கண்ணயர்ந்துவிடுவான், அப்புறம் களவாண்டானா இல்லையா என்று பார்க்கலாம். கெட்டிக்காரிதான்.

"அண்ணாச்சி, ஜார் ரெடியா?" வாசலில் ஒரு குரல். கழுகுமலை ரோட்டிலிருந்து வருகிற அம்மாள், பெயர் தெரியாது, அவள் ஜாரில் எப்போதும் பூண்டு நாறும், அதனால் அவருக்கு அவள் பூண்டு வீடு. எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிளேடைச் சுண்டிவிட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "என்ன அண்ணாச்சி, கிரீஸ் வாடை அடிக்கி?" "பூண்டு வாடையை விடக் கிரீஸ் வாடை தேவலைம்மா." "கொண்டாரும்போது நல்லா இருந்துச்சே." "நல்லா இருந்ததை எதுக்குக் கொண்டாந்திய?" "நான் ஒண்ணுமே பண்ணலை, போன வாரம் தானாத் தண்ணி ஒழுக ஆரம்பிச்சிட்டு." "ஆமா, தானாத்தான் ஒழுகியிருக்கும்." அவளுக்கு இழுவை புரியவில்லை. ஜாரை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "பழைய புஷ்ஷு எங்க?" என்றாள். ஜாரின் அடியிலிருந்து கழற்றிய தேய்ந்த வளையத்தைப் பேப்பர் பொட்டலமாக எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், இது என்னுடையதுதானா என்று ஒரு பார்வை பார்த்தாள். அதில் என்ன தெரியும் அவளுக்கு? ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டாலும் சந்தேகப்பட ஒரு தகுதி வேண்டுமா என்ன, காது மூக்கு வைத்த எல்லாருக்கும் அது உண்டு. அவள் போனபிறகும் பூண்டு வாடை கொஞ்ச நேரம் கடைக்குள்ளேயே நின்றது. இந்த மாதிரி ஒருத்திதான், இவளாகக்கூட இருக்கலாம், போன வருசம் கோமதியின் காரியத்தைக் கெடுத்தது. அப்போது திருவேங்கடம் ஊரில் பார்த்த பையன் வீட்டார் எல்லாம் பேசி முடித்துவிட்டு, ஊருக்குள் விசாரிக்க ஒரு பெரியவரை அனுப்பினார்கள். அவர் டீக்கடையில் கேட்டார், பலசரக்குக் கடையில் கேட்டார், யாரோ ஒரு வீட்டு நடையில் நின்றும் கேட்டிருக்கிறார். அந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள், பொண்ணு தங்கம், ஆனால் தகப்பன் கை சுத்தமில்லை, ஒரிஜினலைக் கழட்டிருவான் என்று. அத்தோடு சரி. அவர்கள் திரும்பி வரவில்லை. தரகர்தான் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, இன்னின்னது காதில் விழுந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். யார் சொன்னது என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டேனென்றுவிட்டார். அன்றிலிருந்து சீனிவாசகத்துக்குக் கடை வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு முகமும் அந்த முகமாகத்தான் தெரிகிறது. இன்னார் என்று தெரிந்திருந்தால் அந்த ஒருத்தரை மட்டும் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். தெரியாததால் மொத்த ஊரையும் வெறுக்க வேண்டியதாகிவிட்டது, அதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

கோமதி அதற்கு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஒரு வாரம் எல்லாருக்கும் முன்னால் எழுந்து எல்லா வேலையையும் செய்து முடித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒருநாள் சோறு போடும்போது, முகத்தைப் பார்க்காமல், "அப்பா, நீங்க அப்படி எடுப்பியளாப்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இல்லை என்று அவர் சொன்னதும் சரிப்பா என்று ரசம் ஊற்றினாள். அவளே கேட்கும்படி ஆகிவிட்டதே என்று அன்றைக்கு முழுக்க நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது, இன்றைக்கும் அரிக்கிறது. பூ வைத்த பிறகு ஆள் மாறிவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கும்போது ஏதாவது முனகுகிறாள், போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிறாள். பையன் நெல்லையப்பன் ஆலங்குளத்துப் பக்கம் மில்லில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறான், பாலிடெக்னிக் படித்தவன், பார்க்கவும் லட்சணமாக இருந்தான். எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது. உச்சிப் பூசை முடிந்ததும் வந்து மிக்ஸியை வாங்கிக்கொள்கிறேன் என்று ஆவுடையம்மாள் காலையில் போன் பண்ணிச் சொன்னாள். கோயிலுக்கு வந்திருப்பாள் இந்நேரம். அங்கே அம்மனைக் கும்பிடுவாள், இங்கே வந்து மிக்ஸியை வாங்கிப்போய்ப் பொட்டை எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஆர்மேச்சரில் எங்கே? அப்படியானால் திருவேங்கடத்தார் காதில் விழுந்தது உண்மைதான், இந்த ஆள் சம்பந்தி வீட்டுச் சாமானிலேயே கை வைக்கிறவன். புதுசு போட்டிருக்கிறேன் என்று சொல்லலாம். எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்வான். பழையது எங்கே என்பாள். இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றால், ஊருக்கெல்லாம் பழசைக் கையில் கொடுக்கிறவர் எங்களுக்கு மட்டும் கொடுக்கவில்லையா என்பாள். பொணத்தைக் கொடுக்கக் கூடாதென்று பகவதி சொன்னாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். நேராகவே கேட்டுவிட்டால் என்ன, ஏம்மா, என்னை நம்பாமல் பொட்டு வைத்தாயே, உன் மகனுக்கு என் வீட்டில் பெண் எடுக்க மட்டும் நம்பிக்கை வந்ததா என்று? கேட்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க அவருக்குத் தெரியும், கேட்டே பழகிய நாக்கு. கேட்டுவிட்டு, மாடிக்கு ஓடிப் போன் பேசுகிறவளை மறுபடியும் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குத் தெம்பு இல்லை. பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இந்தப் புளியங்குடிக்காரி மேல் எவ்வளவு ஆத்திரம் வந்ததோ அதைவிடக் கூடுதலாகப் பயம் வந்தது.

"கோமதி" என்று திரைப்பக்கம் கூப்பிட்டார். ஈரக் கையோடு வந்தாள். "ஓங்கிட்ட நெயில் பாலிஷ் இருக்காம்மா?" "எதுக்குப்பா?" "ஒரு ஸ்க்ரூ நிக்க மாட்டேங்கு. மேல ஒரு சொட்டு விட்டாப் பிடிச்சிக்கிடும்." அது பொய்யில்லை, அப்படியும் செய்வதுண்டு, இருந்தாலும் சொல்லும்போது அவர் ஸ்க்ரூ டிரைவரைத்தான் பார்த்தார். அவள் உள்ளே போய் ஒரு குட்டிப் புட்டியோடு வந்தாள். "அத்தை பூத்தட்டுல வச்சுக் குடுத்தது. கொஞ்சமா எடுங்கப்பா." இன்னும் பிரிக்கக்கூட இல்லை, மேலே தாள் ஒட்டியிருந்தது, எதற்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தாளோ. அவள் போனதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதே சிவப்பு. அச்சு அசல் அதே சிவப்பு. பார், பூத்தட்டில் ஒரு புட்டி, பொட்டு வைக்க ஒரு புட்டி, சோடியாக வாங்கியிருக்கிறாள், இந்தக் கையில் பெண்ணுக்குப் பூ, அந்தக் கையில் தகப்பனுக்குப் பொறி. அவருக்கு ஒருவிதத்தில் சந்தோசமாகக்கூட இருந்தது. மனுசர்களைப் பற்றி அவர் வைத்திருந்த முடிவு இன்னும் ஒரு தடவை சரியாகிவிட்டது பாருங்கள், அந்தச் சந்தோசம். மூடியைத் திருகிக் குச்சியை எடுத்தார். காயில் சுற்றிக் காயில் சுற்றி மரத்துப்போன விரல்களுக்கு அந்தச் சின்னக் குச்சி அடங்கவில்லை. ஆர்மேச்சரின் இரும்பு உடம்பில், காற்றாடி இலைக்குக் கொஞ்சம் கீழே, அவர்கள் வைத்திருந்த அளவுக்கே ஒரு பொட்டு வைத்தார். கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வாசலையும் திரையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். களவாணிப் பயல் இப்படித்தான் பார்ப்பான்போல என்று தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. யார் களவாணி? புது ஆர்மேச்சர் போட்டவன் களவாணியா, பொட்டு வைத்துச் சோதித்தவள் யோக்கியமா? நான் எதையும் எடுக்கவில்லை, என்னுடையதைப் போட்டிருக்கிறேன், எடுக்காததை எடுக்கவில்லை என்று காட்ட ஒரு பொட்டு, அதில் என்ன குற்றம்? ஊதினார். மறுபடி ஊதினார். கோயில் பக்கம் மணி அடித்தது. காய நேரம் ஆகும், ஆகட்டும் என்று நினைத்த அந்த நிமிசத்தில் வாசலில் மஞ்சள் பையும் ஆவுடையம்மாளும் ஒன்றாகத் தெரிந்தார்கள். அடிமூடியை அமுக்கி, கைக்கு வந்த ஸ்க்ரூக்களை மட்டும் முடுக்கி, மிக்ஸியை நிமிர்த்தி வைத்தார்.

"வாங்க தங்கச்சி, வாங்க. பூசை முடிஞ்சுதா?" குரல் அவருக்கே வேறு யாருடையது மாதிரியோ கேட்டது. ஆவுடையம்மாள் நெற்றி நிறையத் திருநீறோடு, வெயிலில் சிவந்து போய், மேசையில் ஒரு தேங்காய் மூடியும் வாழைப்பழமும் வைத்தாள். "நல்ல தரிசனம் அண்ணாச்சி. பிள்ளைக பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வாரேன். ஓடுதா, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, சத்தத்தைக் கேட்டுட்டுப் போறேன்." மற்றவர்கள் கேட்டால் எரிந்து விழுவார். இன்று பேசாமல் பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் திருப்பினார். புது ஆர்மேச்சர் ஒரு பிசிறில்லாமல் பாடியது. ஆவுடையம்மாளின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா, வாங்குன அன்னைக்குக்கூட இப்படி ஓடலையே! நீங்க மகராசனா இருக்கணும்." அவர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத வார்த்தை, எத்தனையோ வருசமாக எந்த வாயிலிருந்தாவது வராதா என்று ஏங்கிய வார்த்தை, அது வந்த நேரத்தில் அவருடைய மூக்கில் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. சூடான நெயில் பாலிஷ் வாடை. அவளும் மூக்கைச் சுளித்தாள். "என்னமோ வாடை அடிக்கே? ஆங், நெயில் பாலிஷ்!" என்று சிரித்தாள். "ஒங்ககிட்டச் சொல்லவே மறந்துட்டேன் பாருங்க. அது நெல்லையப்பன் வேலை. திங்கக்கிழமை காலையில கழட்டிப் பாத்தான். ஆர்மேச்சர் ஒண்ணுதான் போச்சும்மா, மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி, நல்லா இருக்கதுல எல்லாம் செவப்பா ஒரு பொட்டு வச்சான். மாமா ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிச் சங்கடப்பட வேண்டாம், பொட்டு இல்லாததை மட்டும் மாத்துனாப் போதும், பாத்ததும் புரிஞ்சுக்கிடுவாகன்னான். பூத்தட்டுக்கு வாங்கினதுல ஒரு புட்டி மிஞ்சிக் கெடந்துச்சு, அதை எடுத்து வச்சுக்கிட்டு ஒரே வெளையாட்டு." பொட்டு இல்லாததை மட்டும் என்று அவர் உதடு திருப்பிச் சொன்னது. "இன்னைக்கு லீவு போட்டிருக்கான் அண்ணாச்சி. சாயங்காலம் திரும்பக் கழட்டிப் பாப்பானாம். மாமா கைவேலையைப் பாத்துப் படிக்கணுமாம். அந்தப் பழைய ஆர்மேச்சர் இருந்தா அதையும் வாங்கிட்டு வரச் சொன்னான், நீங்க யாருக்குன்னாலும் பழசைக் குடுத்துருவியளாமே, கோமதி போன்ல சொல்லியிருக்கா."

பழசு இல்லை என்றார். எப்படிச் சொன்னார், என்ன காரணம் சொன்னார் என்பது அவர் காதிலேயே விழவில்லை. மனசு முழுக்க அந்தச் சாயங்காலத்தில் நின்றது, நெல்லையப்பன் மூடியைத் திறக்கிறான், தான் வைக்காத ஒரு பொட்டைப் பார்க்கிறான், பொட்டு இல்லாமல் அனுப்பிய ஒரே சாமானில் பொட்டு. இதை யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று யோசிக்கப் பாலிடெக்னிக் படித்த மூளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பழசுக்கே பொட்டு வைத்துப் புதுசு என்று தள்ளிவிட்டார் மாமா என்று நினைப்பானோ, இல்லை, நம்மைச் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று சரியாகவே கண்டுபிடிப்பானோ. இரண்டில் எது கேவலம் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. அவள் மிக்ஸியைப் பைக்குள் வைக்கக் கை நீட்டினாள். "ஒரு நிமிசம் தங்கச்சி, ஒரு ஸ்க்ரூ விட்டுப்போச்சு" என்று பிடுங்காத குறையாக இழுத்துக் கவிழ்த்தார். "காப்பி சாப்பிடுங்க, உள்ள பகவதி இருக்கா." "இருக்கட்டும் அண்ணாச்சி, நீங்க வேலை பாக்கதை நானும் பாக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கழுத்துக்கு மேல் நின்று கையைப் பார்க்கிறவர்களை அவர் வாயாலேயே ரோட்டுக்கு விரட்டியிருக்கிறார். இவளை என்ன சொல்ல? ஸ்க்ரூ கழன்றது. மூடியை ஒரு ஓரமாகத் தூக்கி, உடம்பால் மறைத்து, கட்டைவிரலை வைத்து அந்தப் பொட்டைத் துடைத்துவிடலாம் என்று பார்த்தார். பொட்டு அங்கே இல்லை. காயாத பொட்டைச் சுற்ற விட்டால் இருக்குமா? உள்ளே மூடி ஓரம் முழுக்க, காயில் மேல், ஒயர்கள் மேல், சுவிட்சின் மேல், எங்கே பார்த்தாலும் சிவப்புச் சிவப்பாகத் தெறித்துக் கிடந்தது, நேர்த்திக்கடனுக்குச் சேவல் அறுத்த இடம் மாதிரி. வாடை குப்பென்று வெளியே வந்தது.

ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள். "அட, இது என்ன அண்ணாச்சி?" திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. கோமதி அங்கேதான் நிற்கிறாள், சேலை விளிம்பு தரையில் தெரிந்தது. எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனுசன், ஊர் மொத்தத்தையும் வாயாலேயே வறுத்தெடுத்த மனுசன், இரண்டு கையும் சிவப்பாக, வாயைத் திறந்தார். "தெரியலையே தங்கச்சி" என்றார். "நான் ஒண்ணுமே பண்ணலை. தானா…" ஆவுடையம்மாள் அவரைப் பார்த்தாள். அப்புறம் மேசையைப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில், மூடி திறந்தபடி, அவள் பூத்தட்டில் வைத்த புட்டி நின்றது. அதைக் கையில் எடுத்தாள். குச்சியை உள்ளே விட்டு மூடியை நன்றாகத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "தெறந்து வச்சாக் காஞ்சு போயிரும்" என்றாள். "ஏ கோமதி, ஒரு பழைய துணி கொண்டாம்மா" என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். துணி வந்தது, கொண்டுவந்த கை அவர் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டது. ஆவுடையம்மாள் துணியை விரலில் சுற்றிக்கொண்டு சுவிட்சின் மேலிருந்த சிவப்பை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். "ஆமா அண்ணாச்சி, தானாத்தான் வந்திருக்கும்" என்றாள். எத்தனை பேரிடம் எப்படி எப்படி இழுத்துச் சொன்ன வார்த்தை அது. அந்த இழுவையை அவள் குரலில் தேடினார். தலையைக் குனிந்துகொண்டு, காதைக் கொடுத்து, விடாமல் தேடினார். இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.